இரவல் பெனலோப்பி

"படம் அசல்தான். அதுல ஒரு குறையும் இல்ல. குறை உங்ககிட்டதான்," என்றார் ஆலன்பி.

சுவரிலிருந்து இறக்கி வைத்த படத்தின் பின்பக்கம் மண்டி போட்டு, சின்ன டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். எக்ஸீட்டர் நகரத்து ஏலக்கடை ஒன்றில் பழைய ஓவியங்களுக்குப் பொறுப்பாளர். எழுந்தபோது முழங்காலில் திஸில்கோட் கிராமத்து வீட்டின் ஓதம் வட்டமாக ஒட்டியிருந்தது.

வில்ஃப்ரட் டாப்ஸ்காட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்கிட்ட என்ன குறை?"

"இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"நான் கோயில்ல மணி அடிக்கிற குழுவுல இருந்தேன். தோள்பட்டை போனதும் விலகிட்டேன். அன்னிக்கு குழு சார்பா போதகர் இதைக் கொடுத்தாரு."

"போதகருக்கு யார் கொடுத்தது?"

"அது தெரியல."

"அதான் குறை," என்றார் ஆலன்பி.

படத்தில் இருந்தவள் பெனலோப்பி. கிரேக்க நாட்டு ராணி. புருஷன் கடலில் காணாமல் போய்விட்டான் என்று அவளைக் கட்டிக்கொள்ள நாலைந்து ஆண்கள் தட்டுத் தட்டாகப் பரிசோடு நிற்கிறார்கள். அவள் வேண்டாம் என்று கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பின்னால் கல்தூண்கள். எட்மண்ட் கார்ஸ்லேக் என்பவர் இருநூறு வருடத்துக்கு முன்னால் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. முகத்தைத் திருப்பினாளே தவிர, கண்ணைத் திருப்பவில்லை. அந்தக் கண், அறைக்குள் யார் வந்தாலும், 'நீயும் இதைத்தான் கொண்டு வந்தியா' என்று கேட்கிற மாதிரி பார்க்கும். அவள் எதிரில் உட்கார்ந்து யாராலும் நிம்மதியாக ஒரு கவளம் சாப்பிட முடியாது.

"முதல்ல ஒரு பிரபுவுக்காக வரைஞ்சது," என்றார் ஆலன்பி. "அவர் இதைத் தங்கச்சிக்குப் பரிசாக் கொடுத்துட்டாரு. தங்கச்சி தன் வைத்தியருக்குக் கொடுத்துட்டா. வைத்தியர் மச்சானுக்கு. இப்படியே போய், கடைசியா எக்ஸீட்டர்ல ஒரு கிழவியம்மா, சாகும்போது தனக்குத் துணையா இருந்த பெண்ணுக்கு எழுதி வச்சாங்க. அதோட தடம் போச்சு. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட இதைக் காசு கொடுத்து வாங்கினதாத் தெரியல. எல்லாமே பரிசு."

"ஏன் அப்படி?"

ஆலன்பி பெனலோப்பியின் கண்ணைப் பார்த்தார். பிறகு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். "இப்போ வாங்க ஆள் இருக்காங்க. ஆனா யார் கையிலிருந்து யார் கைக்குப் போச்சுன்னு ஒண்ணு விடாம எழுத்துல வேணும். ஒவ்வொருத்தரும் 'நான் முழு மனசோட கொடுத்துட்டேன், எனக்கு இதுல பாத்தியதை இல்ல'ன்னு சொல்லணும். அவ்வளவுதான். சின்ன விஷயம்."

இதைக் கேட்டுக்கொண்டே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி முரியலின் கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, மேசை விரிப்பு வரை வந்துவிட்டது. வில்ஃப்ரட் அதைப் பார்த்தார். சந்தோஷத்தில் கவனம் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

நினைக்கக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் ஓதம் ஏறாத சுவர் கிடையாது. ஒவ்வொரு குளிர்காலமும் முரியலின் இருமல் கூடிக்கொண்டே போனது. சிட்மத் கடற்கரையில், மாடிப்படி இல்லாத, வெயில் அடிக்கிற ஒரு சின்ன வீடு விலைக்கு நின்றது. போன கோடையில் அதன் வேலிக்கு வெளியே நின்று இருவரும் சினிமா பார்ப்பது மாதிரி அரைமணி நேரம் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். படம் விற்றால் அந்த வீடு. விற்காவிட்டால் ஓதம்.

ஆலன்பி போனதும் முரியல் சொன்னாள்: "விட்டுடு வில்ஃப். அதைப் போய்க் கிளறாதே."

"உன் இருமல்?"

"இருமல் பழகிப்போச்சு."

எனக்காக இவ்வளவு தியாகம் பண்ணுகிறாளே என்று வில்ஃப்ரட்டின் மனசு இளகிவிட்டது.

"அதோட கான்ஸ்டன்ஸ் அத்தை வேற வர்றாங்க," என்றாள் முரியல். "அவங்க வர்ற நேரத்துல படம், கிடம்னு பேச்சு வேண்டாம். மறுபடி அந்த மாட்டுப் படத்தைக் கேப்பாங்க."

கான்ஸ்டன்ஸ் வில்ஃப்ரட்டின் அத்தை. தொண்ணூறு தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், டார்க்கீயில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். இவர்கள் கல்யாணத்துக்கு அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். அது வந்த அன்று வில்ஃப்ரட் ரயில்வே வேலையாக வெளியூரில் இருந்தார். ஆற்றில் மாடுகள் நிற்கிற மாதிரி ஒரு படம், அழுக்காக இருந்தது, சுத்தம் பண்ணக் கொடுத்திருக்கிறேன் என்று முரியல் சொன்னாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அட்டையிலும் அத்தை, 'படம் சுத்தம் பண்ணி வந்துவிட்டதா?' என்று கேட்பார். 'இன்னும் இல்லை அத்தை' என்று வில்ஃப்ரட்டும் தவறாமல் பதில் எழுதுவார். நல்ல வேலைக்காரன் என்றால் நேரம் எடுக்கத்தான் செய்வான் என்பது அவர் எண்ணம். ரயில்வேயில் கால அட்டவணை போட்டே தலை நரைத்தவர் அவர். தாமதம் அவருக்குப் புதிது இல்லை.

அதனால் படத்தின் கதையையும் ஒரு ரயில் மாதிரிதான் நினைத்தார். எந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்பியது, எங்கே நின்றது என்று வரிசையாக விசாரித்தால் தீர்ந்தது. மறுநாளே போதகர் ஆல்டஸ் வீட்டுக்குப் போனார்.

போதகர் தனியாக இல்லை. கசாப்புக் கடைக்காரரின் விதவை டல்சி பேக்ஷா, கோயில் ஜாடிகளுக்குப் பூ வெட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, நீங்க எனக்குக் கொடுத்த படம் இருக்கே, அந்த பெனலோப்பி, அது உங்களுக்கு யார் கொடுத்தது?" என்று வில்ஃப்ரட் நேராகக் கேட்டுவிட்டார்.

டல்சியின் கத்தரிக்கோல் நின்றது. "எந்த பெனலோப்பி?"

போதகரின் முகம் கழுத்துப்பட்டை மாதிரி வெளுத்தது.

"நீங்க இந்த ஊருக்கு வந்தப்போ நான் கொடுத்தேனே, அதுவா?" என்றாள் டல்சி. "அது உங்க படுக்கையறையிலதானே இருக்கு? தினம் காலையில அவ முகத்துலதான் முழிக்கிறேன்னு போன ஈஸ்டருக்குக்கூட சொன்னீங்களே ஐயா."

திஸில்கோட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்தது இல்லை, யாரும் மீறியதும் இல்லை. யாராவது பரிசு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பிடிக்கவில்லை என்று காட்டக் கூடாது. தூக்கி எறியவும் கூடாது. கொடுத்தவர் கண்ணில் படாத இடத்துக்கு ஓசைப்படாமல் தள்ளிவிடலாம். கேட்டால், 'மாடியில் இருக்கு, உயிர் மாதிரி வச்சிருக்கோம்' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லித்தான் போதகர் மாட்டிக்கொண்டார்.

வில்ஃப்ரட் நல்ல மனிதர். ஒரு போதகர் தன் வீட்டுக் கூடத்திலேயே பொய்யனாக நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

"ஐயா எனக்கு அதை ஒரேயடியாக் கொடுக்கல டல்சி," என்றார். "இரவலாத்தான் கொடுத்தாரு. நான் தோள்பட்டை போய் வீட்டுல கெடக்கேன்ல, கொஞ்ச நாள் பார்த்துட்டு இருக்கட்டும்னு."

"ஆ, இரவல்," என்றார் போதகர், கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி. "இரவலேதான்."

டல்சியின் முகம் மலர்ந்தது. "அதானே பார்த்தேன். என் பரிசை நீங்க தள்ளிவிடுவீங்களா?"

அந்தச் சந்தோஷத்திலேயே போதகர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். 'மேற்படி ஓவியத்தை நான் வில்ஃப்ரட் டாப்ஸ்காட்டுக்கு இரவலாக அளித்தேன்.' ஒரு வார்த்தைதானே, என்ன பெரிய வித்தியாசம் என்று வில்ஃப்ரட் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டல்சிக்கு அது எப்படி வந்தது என்று கேட்கப் புதன்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனார். புதன்கிழமைகளில் மேஜர் டிவர்ட்டன் அங்கே இறைச்சிப் பணியாரம் சாப்பிட வருவார் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று அவருக்குத் தெரியவே தெரியாது. படத்தை டல்சிக்குக் கொடுத்ததே மேஜர்தான். அவள் புருஷன் பேக்ஷா உயிரோடு இருந்தபோது, அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு.

"அது உன் மாடியில இல்லையா டல்சி?" என்றார் மேஜர், முட்கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி. அவருக்கு மூட்டுவலி. மாடி ஏறிப் பார்த்ததே இல்லை.

டல்சி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "போதகருக்கு இரவல் கொடுத்திருக்கேன் மேஜர். பாவம், கல்யாணம் ஆகாதவரு. வீட்டுல ஒரு பொம்பளை முகம் வேண்டாமா?"

வில்ஃப்ரட் மெல்லச் சொல்லிப் பார்த்தார்: "டல்சி, இரவல்னு போட வேண்டாமே. கொடுத்துட்டேன்னு ஒரு வரி..."

"கொடுத்துட்டேன்னா? மேஜர் உக்கார்ந்திருக்கார், அவர் முன்னாடி நான் அப்படி எழுதுவேனா?"

மேஜர் பணியாரத்தை மென்றபடி யோசித்தார். அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. அந்தப் படம் கிரிக்கெட் சங்கத்துக் குலுக்கலில் அவருக்கு விழுந்த முதல் பரிசு. குலுக்கலுக்கு அதைத் தந்தவர் பப் வைத்திருக்கும் சிரில் க்ரௌச். மேஜருக்கு தினமும் சாயங்காலம் பீர் ஊற்றுகிறவர். ஊற்றும்போதெல்லாம், 'என் ராணி எப்படி இருக்கா மேஜர்?' என்று விசாரிப்பார். 'கணப்புக்கு மேலயே வச்சிருக்கேன்' என்று மேஜரும் சொல்லுவார்.

"நல்லதாப் போச்சு," என்றார் மேஜர். "ஏன்னா, நானும் உங்களுக்கு இரவலாத்தானே கொடுத்தேன்."

"எங்க வெள்ளி விழாவுக்கா? இரவலா?"

"பட்டாளத்துல அப்படித்தான் வழக்கம்."

டல்சி மிச்சப் பணியாரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்று மேஜருக்கு இரண்டாவது துண்டு பணியாரம் வரவில்லை.

இரண்டு பேரும் ஆளுக்கொரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். வில்ஃப்ரட் மூன்று தாள்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். குலுக்கலுக்குப் படம் தந்தவர் க்ரௌச் என்று மேஜர் சொன்னதால், இன்னும் ஒரு ஸ்டேஷன்தான் பாக்கி என்று பப்புக்குப் போனார். அதற்குள் சேதி அவருக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

"வாங்க டாப்ஸ்காட்," என்றார் க்ரௌச், கோப்பையைத் துடைத்துக்கொண்டே. "நான் குலுக்கலுக்குக் கொடுத்த முதல் பரிசை மேஜர் ஊருக்கெல்லாம் இரவல் விட்டிருக்காராமே. கணப்புக்கு மேல வச்சிருக்கேன்னு வாய் கூசாமச் சொன்ன மனுஷன்."

கிரிக்கெட் ஆடுகிறவர்கள் நாலு பேர் அங்கே நின்றிருந்தார்கள். ஒருவன், "க்ரௌச் கொடுத்த பரிசுன்னா யார்தான் வச்சிருப்பாங்க?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

க்ரௌச் துணியைத் தோளில் போட்டார். "நான் யாருக்கும் கொடுக்கவே இல்லையே. குலுக்கலுக்கு இரவலாத்தான் கொடுத்தேன்."

"குலுக்கலுக்கு யாராவது இரவல் கொடுப்பாங்களா சிரில்?" என்று வில்ஃப்ரட் கிட்டத்தட்ட அழுதார்.

"ஏன், கிரிக்கெட் சங்கத்து வெள்ளிக் கோப்பை என்ன? ஜெயிச்சவன் ஒரு வருஷம் வச்சிருந்துட்டுத் திருப்பித் தரான்ல? அந்த மாதிரி. மேஜர் திருப்பித் தர மறந்துட்டாரு. நான் மரியாதைக்குக் கேக்கல."

க்ரௌச் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து நாலு தாள்களை எடுத்துக்கொண்டு வில்ஃப்ரட் எக்ஸீட்டருக்கு பஸ் ஏறினார். ஆலன்பி ஒவ்வொன்றாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"மிஸ்டர் டாப்ஸ்காட், நீங்க கிளம்பினப்போ இந்தப் படத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தாரு. நீங்க. இப்போ நாலு பேர் இருக்காங்க. அந்த நாலு பேர்ல நீங்க இல்ல."

"எல்லாம் மரியாதைக்குச் சொன்னதுங்க."

"மரியாதைக்குச் சொன்னாலும் கையெழுத்துப் போட்டிருக்காங்களே. உங்களுக்காக ஒரு யோசனை சொல்றேன். இது பெருசா ஒண்ணும் பெறாதுன்னு அவங்க நினைச்சாங்கன்னா, தானா விட்டுக்கொடுத்துடுவாங்க. அதை நான் சொல்ல முடியாது. நான் சொன்னதாவும் சொல்லாதீங்க."

வில்ஃப்ரட் ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, "அந்தப் படத்தை விசாரிச்சேன், மரச் சட்டத்துக்கு ஆகிற விலைகூடப் பெறாதாம்," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

சொன்னதுதான் தாமதம். வாழ்க்கையில் பொய்யே சொல்லாத ஒருவர் கோயில் வாசலில் நின்று கேட்காதவர்களிடமெல்லாம் ஒரு படம் ஒன்றும் பெறாது என்கிறார். ஏலக்கடைக்காரர் கார் வேறு அவர் வீட்டு வாசலில் நின்றதை ஊரே பார்த்திருந்தது. திங்கட்கிழமை டல்சி ஒரு கேக்கோடு வந்தாள். கேக்கை முரியல் கையில் கொடுத்துவிட்டு, இடுப்புப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் படத்தை அளந்தாள்.

"சும்மாதான். என் மாடிப்படிக்கு மேல இருந்த இடம் வெறிச்சுனு இருக்கு, அதான்."

பின்னாலேயே போதகர் வந்தார், கேக்கோடும் நாடாவோடும். காலையில் எழுந்தால் முழிக்க முகமே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். மேஜர் கேக்கு மட்டும் கொண்டு வந்தார், கைத்தடியால் அளந்தார். க்ரௌச் கேக்கும் கொண்டு வரவில்லை, நாடாவும் கொண்டு வரவில்லை. பீர் வண்டியைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"எப்ப தோதுப்படுமோ அப்ப எடுத்துக்கறேன். அவசரம் இல்ல," என்றார். சொல்லிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் போனபின் முரியல் மேசையில் மூன்று கேக்குக்கு நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் அப்பவே சொன்னேன், கிளறாதேன்னு."

"கடைசியா ஒரு வழி இருக்கு," என்றார் வில்ஃப்ரட். "எல்லாரையும் ஊர் மண்டபத்துக்குக் கூப்பிடுறேன். ஆலன்பி வந்து பேசட்டும். வெளி ஆள் பேசினா நம்ம ஜனங்க கேப்பாங்க. வியாழக்கிழமை."

"வியாழக்கிழமையா? அன்னிக்குத்தான் அத்தையை அழைச்சுட்டு வரணும். வேற நாள் வையேன்."

"ஆலன்பிக்கு அன்னிக்குத்தான் ஒழியுதாம். அத்தையையும் மண்டபத்துக்கே கூட்டிட்டு வந்துடலாம். ஒரு துண்டு கேக்கைக் கொடுத்துப் பின்னால உக்கார வச்சா அவங்க பாட்டுக்கு இருப்பாங்க. காதுதான் கேக்காதே."

முரியல் மூன்று கேக்குகளையும் தட்டால் மூடினாள். பிறகு, "படத்தை மூடி வை. பெரிய போர்வையா எடுத்து மூடு. யாரும் திறக்கக் கூடாது," என்றாள்.

தூசு படாமல் இருக்கச் சொல்கிறாள் என்று வில்ஃப்ரட் நல்ல கம்பளியாகப் பார்த்து எடுத்தார்.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. படத்துக்குச் சம்பந்தம் இல்லாதவர்களும் கேக்குக்காக வந்திருந்தார்கள். மேடையில் கம்பளிக்குள் பெனலோப்பி. அவள் பக்கத்தில் ஆலன்பி. கடைசி வரிசையில் கான்ஸ்டன்ஸ் அத்தை, தொப்பியோடு, மடியில் எலுமிச்சைக் கேக்குத் தட்டோடு. அவர் தன் காதுக்கருவியை இஷ்டத்துக்குக் கழற்றுவார், இஷ்டத்துக்கு மாட்டுவார். அதனால் அவர் கேட்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. காலப்போக்கில் கேட்பதில்லை என்றே எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

ஆலன்பி நாலு தாள்களையும் சத்தமாகப் படித்தார்.

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானே? சரி. இரவல் வாங்கினவர் சொந்தக்காரர் ஆக முடியாது. அப்போ டாப்ஸ்காட்டுக்குச் சொந்தம் இல்ல, ஏன்னா போதகர்கிட்ட இரவல். போதகருக்கும் இல்ல, ஏன்னா டல்சி அம்மாகிட்ட இரவல்."

போதகர் தலை குனிந்தார்.

"டல்சி அம்மாவுக்கும் இல்ல, மேஜர்கிட்ட இரவல்."

"வெள்ளி விழாவுக்கு," என்றாள் டல்சி, மேஜரைப் பார்க்காமல்.

"மேஜருக்கும் இல்ல, க்ரௌச்கிட்ட இரவல். ஆக, முதல்ல இரவல் கொடுத்தது யாரோ அவங்களுக்குத்தான் படம். இதை எல்லாரும் ஒத்துக்கறீங்களா?"

தாங்கள் எழுதிக் கொடுத்ததைத் தாங்களே எப்படி மறுப்பது? ஒத்துக்கொண்டார்கள். க்ரௌச் எழுந்து நின்று கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"உக்காருங்க க்ரௌச்," என்றார் ஆலன்பி. "உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"அது வந்து, கோயில் பழைய சாமான் விற்பனையில."

"வாங்கினீங்களா?"

க்ரௌச் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். மறுபடி போட்டார். அந்த விற்பனையில் போகாமல் மிஞ்சிய சாமான்களை அவர்தான் தன் பீர் வண்டியில் ஏற்றிக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவார். அது எல்லாருக்கும் தெரியும். போகிற வழியில் எதெது அவர் வீட்டில் இறங்கும் என்பதுதான் யாரும் கேட்டறியாத கேள்வி.

"மிஞ்சின சாமானா சிரில்?" என்று டல்சி இனிமையாக விசாரித்தாள். "கோயிலுக்குக் காசு போடாமலா எடுத்துட்டுப் போன?"

"நான் எடுக்கல," என்றார் க்ரௌச் வேகமாக. கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "கோயில் சொத்தை எடுக்கிற வம்சமா நாங்க? நல்ல படமாச்சே, குப்பையில போடுவானேன், கொடுத்தவங்க என்னிக்காவது தேடி வருவாங்கன்னு பத்திரமா வச்சிருந்தேன். அவ்வளவுதான்."

"சொந்தக்காரங்க வர்ற வரைக்கும்?"

"சொந்தக்காரங்க வர்ற வரைக்கும்."

"அப்போ உங்களுக்கும் சொந்தம் இல்ல," என்று எழுதிக்கொண்டார் ஆலன்பி. "விற்பனைக்கு அதைக் கொண்டுவந்து வச்சது யாரு?"

எல்லாரும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். வில்ஃப்ரட்டின் கண்ணில் சிட்மத் வீடு தூரத்தில், கடைசி ரயில் மாதிரி, சின்னதாகிக்கொண்டே போனது. கொண்டுவந்து வைத்தவன் எவனோ, செத்தும் போயிருப்பான் என்று நினைத்தார்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. முரியல் எழுந்து நின்றிருந்தாள்.

"நான்தான்," என்றாள்.

வில்ஃப்ரட் அவளை ஏதோ தெரியாத பெண்ணைப் போலப் பார்த்தார். "நீயா? உனக்கேது இந்தப் படம்?"

"நம்ம கல்யாணத்துக்கு உன் அத்தை அனுப்பினது வில்ஃப்."

"அது மாடு இல்ல?"

"மாடு இல்ல."

"ஆத்துல நிக்குதுன்னு சொன்னியே."

"நீ ஊர்ல இல்லாதப்போ வந்துச்சு. பிரிச்சேன். என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தா. கல்யாணம் ஆகி ஒரு வாரம்கூட ஆகல, எனக்கு அழுகையே வந்துடுச்சு. இவ கண்ணு முன்னாடி நான் எப்படிச் சமைப்பேன், எப்படிச் சாப்பிடுவேன்? அந்த வாரமே விற்பனை வந்துச்சு. கொண்டு போய் வச்சுட்டேன். உங்கிட்ட மாடுன்னேன். சுத்தம் பண்ணப் போயிருக்குன்னேன். முப்பத்தாறு வருஷம் கழிச்சு, ஊரெல்லாம் சுத்திட்டு, ரிப்பன் கட்டி, கைதட்டலோட என் சாப்பாட்டு அறைக்கே வந்து நிக்கிறா. ஆலன்பி வீட்டுக்கு வந்த அன்னிக்கு நான் ஊத்தின தேநீர் ஏன் வழிஞ்சுச்சுன்னு நினைச்ச?"

"சந்தோஷத்துலன்னு நினைச்சேன்," என்றார் வில்ஃப்ரட்.

அவருக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான் அது. வரவும் வந்தது. ஆனால் பாதி வழியில் அவர் மூளை அட்டவணையைச் சரிபார்த்துவிட்டது. எல்லாரும் இரவல் வாங்கினவர்கள். க்ரௌச் காவல்காரர். முதல் ஆள் முரியல். கோபம் அப்படியே நின்றுவிட்டது.

"முரியல்," என்றார். "விற்பனைக்கு நீ அதை ஒரேயடியாவா கொடுத்தே?"

முரியல் ஊரைப் பார்த்தாள். போதகரை, டல்சியை, மேஜரை, க்ரௌச்சை. முப்பத்தாறு வருடம் இதே ஊரில் குடும்பம் நடத்தியவள்.

"சேச்சே," என்றாள். "இரவலாத்தான்."

முதலில் சிரித்தது டல்சி. அப்புறம் மண்டபமே சிரித்தது. மேஜர் கைத்தடியால் தரையைத் தட்டினார். தோற்றவர்கள் தோல்வியைக் கௌரவமாக எடுத்துக்கொள்வதில் திஸில்கோட்டை மிஞ்ச முடியாது. போதகர் வந்து வில்ஃப்ரட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். க்ரௌச்கூட, "எனக்கு அப்பவே தோணுச்சு, யாரோ நல்ல குடும்பத்துப் பொருள்னு," என்றார். யாரோ கம்பளியை இழுத்துவிட்டார்கள். பெனலோப்பி வெளியே வந்து எல்லாரையும் எப்போதும் போலப் பார்த்தாள். வில்ஃப்ரட்டுக்கு முதல் முறையாக அவள் அழகாகத் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் தூண்களுக்கு நடுவில் ஒரு துண்டுக் கடல் இருப்பதைக்கூட அன்றைக்குத்தான் கவனித்தார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் ஆலன்பி. அவர் குரலிலும் ஒரு துள்ளல். "உங்க அத்தை, அவங்க முன்னாடி என்ன வேலையில இருந்தாங்க?"

"எக்ஸீட்டர்ல ஒரு பணக்காரக் கிழவியம்மாவுக்குத் துணையா இருந்தாங்க. அந்தம்மா சாகிற வரைக்கும்."

ஆலன்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்களை மூடித் திறந்தார். "தடம் விட்டுப்போன இடம் அதுதான். அவங்க எங்க இருக்காங்க? உயிரோட..."

"அதோ, கேக்கு சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க," என்றார் வில்ஃப்ரட்.

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. வில்ஃப்ரட்டும் ஆலன்பியும் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினார்கள். முரியல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அத்தை கடைசித் துணுக்கு வரை முட்கரண்டியில் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டார். தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். காதுக்கருவி காதில்தான் இருந்தது. அதில் சின்னதாக ஒரு பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

ஆலன்பி குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்: "அம்மா, இவங்க கல்யாணத்துக்கு இந்தப் படத்தை நீங்கதானே பரிசாக் கொடுத்தீங்க?"

அத்தை மேடையைப் பார்த்தார். பெனலோப்பியைப் பார்த்தார். பிறகு முரியலை, நிதானமாக, பெனலோப்பி பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"பரிசா? இல்லப்பா," என்றார் கான்ஸ்டன்ஸ் அத்தை. "சுத்தம் பண்ணித் திருப்பித் தரச் சொல்லித்தான் கொடுத்தேன்; வருஷா வருஷம் கேட்டுட்டுத்தானே இருக்கேன்?"